கட்டிலுக்கு அடியில் கிடந்த கண்ணாடி

நாலு வயது மகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் தூரப்பார்வைக் கோளாறு (கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை) அதிகம். மற்ற கண் நன்றாகத் தெரிந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. முதலில் போன இடத்தில் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமலே பவர் பார்த்தார்கள். குழந்தைகளின் கண் தசை தானாக இறுகிக் குறையைச் சமாளித்துவிடுமாம், அளவு தப்பிவிட்டது. வேறு மருத்துவர் மருந்து விட்டுப் பார்த்த பிறகுதான் சரியான பவர் தெரிந்தது.

அப்புறம் கண்ணாடி வந்தது. போட்ட ஐந்தாவது நிமிடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது! பிடிவாதம் என்று திட்டினேன், தப்பு என்னுடையது. அந்தச் சப்பை மூக்கில் பிரேம் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காதைச் சுற்றி வளையும் ரப்பர் கைகள் உள்ளதாக மாற்றினோம், எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸோடு.

குறையுள்ள கண் வேலை செய்து பழகுவதற்காக, நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் ஒட்டுப்போட்டு மூடச் சொன்னார்கள். கார்ட்டூன் அப்போது மட்டும்தான். இப்போது ஒட்டை அவளே எடுத்து வருகிறாள்.