பையில் ஓர் எலுமிச்சம்பழம்

சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போகும்போது பையில் ஓர் எலுமிச்சம்பழம் போட்டுக்கொள்ளுங்கள். திருஷ்டிக்கு அல்ல. கடையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மெருகேற்றிய பக்கத்தில் இரண்டு சொட்டுப் பிழிந்து, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மெருகு மங்கி வெளுத்திருந்தால் அது புளிப்புக்கு ஆகாத கல். கடப்பா, கோட்டா, மார்பிள் மூன்றும் அப்படித்தான். கிரானைட் அசைந்து கொடுக்காது.

இது தெரியாமல் பழைய வீட்டு மேடைக்கு விலை மலிவு என்று கடப்பா போட்டேன். மூன்றாம் வாரமே, புளி கரைத்த கிண்ணம் வைத்த இடத்தில் வெள்ளை வளையம். மனைவி சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாள். வளையம் போகவில்லை, சுற்றியிருந்த பளபளப்புதான் போனது. அது கறையே அல்ல, புளி கல்லை அரித்த தடம். அலமாரித் தட்டுக்கு மட்டும் கடப்பாவை அடித்துக்கொள்ள வேறு கல் இல்லை.

கிரானைட் பலகை மீது தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால், மற்ற இடம் காய்ந்த பிறகும் அது ஈரக்கோடாகத் தெரியும். கறுப்புக் கல்லை நகப்பூச்சு அழிக்கும் திரவம் தோய்த்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல். வந்த வழியே திரும்புங்கள்.

பதிக்கும் நாளில் கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள், முறைத்தாலும் பரவாயில்லை. நான்கு மூலையில் கலவை உருண்டை வைத்துக் கல்லை இறக்கினால் நடுவில் காலியாக நிற்கும். தேங்காய் உடைக்கும் ஒருநாள் கல்லும் உடையும். கலவை முழுப் பரப்புக்கும் வேண்டும். இறுகிய பின் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். உடுக்கைபோல் ஒலிக்கும் இடத்தில் அடியில் ஒன்றுமில்லை. சிங்க்குக்கு வெட்டும்போது மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கிறது. முன்விளிம்பின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது மெல்லிய பள்ளக்கோடு, இழுக்கச் சொல்லுங்கள். சிந்திய தண்ணீர் கல்லின் அடியில் ஊர்ந்து மரக்கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஈரத்துணியும் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பும் போதும். கழிப்பறை ஆசிட்டைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

வெளிர்நிறக் கல் மட்டும் எண்ணெய் குடிக்கும். எங்களுடையது காஷ்மீர் ஒயிட். பெயர்தான் காஷ்மீர், வெட்டுவது மதுரைப் பக்கம். நல்லெண்ணெய்த் தூக்கு வைத்த இடம் கறுத்தபோது, சமையல் சோடாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டேன். பிறகு தாளை எடுத்து, மாவு நன்றாகக் காய்ந்ததும் சுரண்டினேன். இரண்டாம் முறை அப்பியதில் கறை ஏறக்குறைய போய்விட்டது. தூக்குக்கு அடியில் இப்போது ஒரு தட்டு இருக்கிறது.