சேலத்தில் பழைய கார் நேரடியாக வாங்குகிறீர்களா? முதலில் பேப்பரைப் பாருங்கள்

வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ பல வருடம் இருந்துவிட்டுச் சேலத்துக்குக் குடிவருபவர்கள் வீடு பிடித்த கையோடு கார் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏற்காட்டில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், டவுனுக்கு வந்துபோக 20 கொண்டை ஊசி வளைவு. தெரிந்தவர் மூலம் ஒரு வண்டி அமைகிறது, மெக்கானிக்கை அழைத்துப்போய் ஓட்டியும் பார்க்கிறார்கள். பேப்பரை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கார் பார்க்கப் போகும் முன்பே உங்கள் ஆதாரில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஊர் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எந்த ஆர்டிஓ ஆபீஸ் என்பதை முடிவு செய்வது அந்த முகவரிதான். சேலம் மேற்கு, கிழக்கு, தெற்கு, சங்ககிரி, ஆத்தூர் எல்லாம் தனித்தனி ஆபீஸ். 2024 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் ஆர்சி கார்டை (வண்டியின் பதிவுச் சான்று) ஸ்பீடு போஸ்ட்டில்தான் அனுப்புகிறார்கள். முகவரி பிசகினால் கார்டு திரும்பிப் போய்விடும். பான் கார்டும் தயாராக இருக்கட்டும். கார் விற்பனையில் பான் எண் கேட்கக்கூடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரிஜினல் ஆர்சியைக் கையில் வாங்குங்கள், ஜெராக்ஸ் போதாது. வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டு, அதில் வரும் விவரங்களை ஆர்சியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எரிபொருள் முக்கியம்: பெட்ரோல் காரில் பிறகு கேஸ் கிட் பொருத்தி ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் இன்சூரன்ஸ் கிளைம் நிற்காது. பதிவு 15 வருடத்துக்குத்தான். 13 வருட வண்டி மலிவாகக் கிடைத்தால், இரண்டு வருடத்தில் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டிய செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருந்தால் விற்பவரே கட்டி ரசீது தரட்டும்.

பிறகு சேஸிஸ் எண், அதாவது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண். இதை அவசரமாகப் பார்க்காதீர்கள். சில கார்களில் இன்ஜின் அறையின் பின்சுவரிலும், சிலவற்றில் முன் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை விலக்கினாலும் தெரியும். பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். மெல்லிய தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால் 17 எழுத்தும் வெள்ளையாக எழும்பி வரும். மாருதி என்றால் எம்.ஏ.3 என்றும், ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல். என்றும் தொடங்கும். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் இதில் வரவே வராது. 'ஓ' போலத் தெரிவது பூஜ்யம். எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரத்தில் அரைத்த தடமோ வெல்டிங் கோடோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி. அந்தப் பென்சில் பிரிண்டைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு வைக்க உதவும்.

ஆர்சியில் எச்பி (வண்டி மேல் கடன்) என்று பேங்க் அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், 'கடன் முடிஞ்சிருச்சுங்க' என்ற வாய்ப்பேச்சு உதவாது. கடன் கொடுத்தவர் கையெழுத்தும் சீலும் உள்ள, ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35 இரண்டு பிரதி, கூடவே என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற) கடிதம் இரண்டும் வேண்டும். என்ஓசியின் தேதியைப் பாருங்கள். பல பேங்க் கடிதங்கள் 3 மாதத்தில் காலாவதியாகிவிடும்.

விற்பவர் வேறு, ஆர்சியில் பெயர் வேறு என்றால் அங்கேயே நில்லுங்கள். நடுவில் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றாமலே ஓட்டியிருப்பார்; பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை உங்களிடம் நீட்டுவார். இது அடிக்கடி நடப்பது. ஆனால் ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி போவது பழைய ஓனரின் மொபைலுக்கு. அவர் நம்பரை மாற்றியிருந்தால், ஊரை விட்டுப் போயிருந்தால், வேலை அப்படியே நின்றுவிடும். ஓனர் இறந்துவிட்டார் என்றால் முதலில் வாரிசு படிவம் 31 கொடுத்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வாங்குங்கள்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவம். 29 விற்பவர் கொடுப்பது, 14 நாளுக்குள். 30 நீங்கள் கொடுப்பது, 30 நாளுக்குள். கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஆகவே தள்ளிப்போடக் காரணமே இல்லை. விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பவருக்கு இதை எடுத்துச் சொன்னால் அவரே உங்களைத் துரிதப்படுத்துவார்.

பெங்களூர் பக்கம் என்பதால் சேலத்தில் கேஏ எண் கொண்ட கர்நாடக வண்டிகள் நிறைய விலைக்கு வருகின்றன. விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் அங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி வாங்க வேண்டும், இங்கே காரின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், படிவம் 27 கொடுத்துப் புது எண் பெற வேண்டும். கர்நாடகாவில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்பது தனி அலைச்சல். இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகும் லாபம் இருந்தால் வாங்குங்கள்.

இன்சூரன்ஸில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வண்டி கைமாறும்போது தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு (மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் கார் சேதத்துக்கான பகுதி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றினால்தான் உண்டு. அதைச் செய்யாமல் மலைப்பாதை வளைவில் தடுப்புச் சுவரை உரசினால் செலவு முழுக்க உங்கள் தலையில். விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்குச் சேராது, அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். புகைச் சான்று பிஎஸ்-4 (புகை அளவுக்கான தரநிலை) வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஒரு வருடமும், பழையவற்றுக்கு 6 மாதமும் செல்லும்.

பணம் பேங்க் வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டெலிவரி நோட்டில் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு) தேதி மட்டும் போதாது, மணியும் கிலோமீட்டரும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை 10 மணிக்கு வேறொருவர் இடித்த வழக்கு, மதியம் வாங்கிய உங்களிடம் வராமல் இருக்க அந்த மணிதான் சாட்சி.

ஃபாஸ்டேக்கை விற்பவர் அன்றே மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வைகுந்தம் டோலைத் தாண்டும்போது அவர் கணக்கிலிருந்து பணம் போகும், உங்களுக்குப் புது டேக்கும் கிடைக்காது. புது ஆர்சி தபாலில் வந்ததும் பீரோவில் வைக்காதீர்கள். அந்தப் பென்சில் பிரிண்டை எடுத்து, 17 எழுத்தையும் கார்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் உடனே ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்த் திருத்துங்கள்.