மினி டிராக்டருக்குக் குழி போடும் மெஷின் வாங்கும் முன் கடப்பாரையும் டேப்பும் எடுங்கள்

எங்கள் காரைக்குடி பக்கம் யார் நிலம் வாங்கினாலும் முதல் வேலை வேலி போடுவதுதான். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி, 8 அடிக்கு ஒரு கல்தூண் வைத்தால் நூறு குழிக்கு மேல் வந்துவிடும். நம் சரளையில் சித்திரை வெயிலில் கடப்பாரையால் இரண்டடி இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த நூறு என்னவென்று தெரியும். அதனால்தான் 15லிருந்து 27 எச்.பி. வரை மினி டிராக்டர் வைத்திருக்கும் பலரும் பின்னால் மாட்டும் குழி போடும் மெஷினைத் தேடுகிறார்கள். தேடும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, "எத்தனை இஞ்ச் அகலம் வரைக்கும் போடும்?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் மண், அடுத்து மெஷினைத் தூக்கி இறக்கும் உங்கள் டிராக்டரின் லிஃப்ட், அப்புறம்தான் இஞ்ச்.

மண்ணை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டிராக்டர் லிஃப்ட் தூக்கத்தான் செய்யும், கீழே அழுத்தாது. மெஷின் தன் எடையால்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். கண்மாய் ஓரத்து ஈரக் களியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் செம்மண்ணுக்குக் கீழே ஒரு அடியில் செம்புறாங்கல் படுத்திருக்கும் இடத்தில், எடை குறைந்த மெஷினின் ஆகர் (மண்ணைக் குடையும் திருகுத் தண்டு) ஒரே இடத்தில் நின்று சுற்றி மண்ணைப் பளபளவென்று தேய்த்துவிட்டு நிற்கும். எனவே நிலத்தில் நாலைந்து இடத்தில், கோடையிலேயே, கடப்பாரை குத்திப் பாருங்கள். ஒன்றரை அடிக்குள் 'ணங்' என்று கல் சத்தம் கேட்டால், எடை கூடுதலான கியர்பாக்ஸும், நடுவில் கூர்முனையும், போல்ட் போட்டுக் கழற்றி மாற்றும் பற்களும் உள்ள மெஷினைத்தான் பார்க்க வேண்டும். பல்லை வெல்டிங் வைத்து ஒட்டிய ஆகரை நம் மண்ணுக்கு வாங்கவே வேண்டாம், தேய்ந்தால் ஒவ்வொரு முறையும் அதைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கடப்பாரை இறங்காத பாறையில் ஆகரும் இறங்காது, அங்கே வேறு வழிதான்.

இனி லிஃப்ட். சின்ன டிராக்டரில் ஏமாறுவது இங்கேதான். நின்ற ஆகர் மூன்றடி நீளம் இருக்கும், அது முழுதாகத் தரையை விட்டு எழும்ப வேண்டும், இறக்கினால் உங்களுக்கு வேண்டிய ஆழமும் போக வேண்டும். பெரிய டிராக்டருக்காகச் செய்த மெஷினை மினியில் மாட்டினால், முழுதாகத் தூக்கியும் முனை வரப்பில் உரசிக்கொண்டே வரும். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள், முழுதாகத் தூக்கியபின் முனைக்குக் கீழே அரை அடியாவது இடைவெளி இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். மெஷினைத் தாங்கும் லிஃப்டின் கீழ்க் கைகள் இரண்டுக்கும் மினியில் வழக்கமாக 22 மில்லிமீட்டர் பின் வரும், பெரிய டிராக்டருக்கு 28. சில மினிகளில் இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள அகலமே குறைவு, இரண்டும் மெஷினோடு பொருந்துகிறதா பாருங்கள். மெஷினின் எடை பின்னால் தள்ளித் தொங்குவதால் முன் சக்கரம் லேசாகும், வளைக்கும்போது ஸ்டியரிங் பிடிக்கவில்லை என்றால் முன்னால் எடை கட்ட வேண்டும்.

நான் பட்டது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெஷின் வாங்கிய அன்று கடைக்காரர், "அப்படியே மாட்டி ஓட்டலாம்ணே, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார், நானும் நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் மாட்டி லிஃப்டைத் தூக்கும்போது பாதியில் 'டக்' என்று நின்றது. டிராக்டரின் பின்பக்கச் சுழல்முனையான பி.டி.ஓ.விலிருந்து மெஷினைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய். அது நீளமாக இருந்ததால் உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் முட்டி, டிராக்டரின் பி.டி.ஓ.வையே உள்ளே தள்ளியிருக்கிறது. இரண்டாம் நாள் பார்த்தால் ஷாஃப்ட் மாட்டும் இடத்தில் ஆயில் கசிவு, சீல் போய்விட்டது. ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் நிலையில் உள்குழாயின் முனைக்கும் வெளிக்குழாயின் அடிக்கும் நடுவில் ஒரு இஞ்சாவது மிச்சம் இருக்க வேண்டும், மிகவும் நீளும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் கூடுதலென்றால் இரண்டு குழாயையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். மாட்டியபின் இன்ஜினை ஓட்டாமல், மெதுவாக, மேலிருந்து கீழ்வரை ஒரு முறை இறக்கிப் பார்க்காமல் வயலுக்குப் போகாதீர்கள்.

சரி, இப்போது இஞ்ச். வேலிக்கு 4க்கு 6 இஞ்ச் கல்தூண் என்றால் மூலைக்கு மூலை 7 இஞ்சுக்குச் சற்று மேல் வரும், 9 இஞ்ச் ஆகர் போதும். 6க்கு 6 தூண் என்றால் மூலைக்கு மூலை எட்டரை, 9 இஞ்ச் குழியில் மண் இடித்து இறுக்க இடமே இருக்காது, அதற்கு 12 வேண்டும். முந்திரிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் குழி 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழம், அது 18 இஞ்ச் ஆகருக்குச் சரியாக வரும். 7 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 80 கன்று, ஒரு நாள் வேலை. ஆனால் 12லிருந்து 18க்குப் போனால் இஞ்சு ஒன்றரை மடங்குதான் என்றாலும், அள்ள வேண்டிய மண் இரண்டேகால் மடங்கு. 15 எச்.பி. டிராக்டரில் காய்ந்த சரளையில் 18 போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், 9ம் 12ம் வாங்கிக்கொள்ளுங்கள். 24, 27 எச்.பி. என்றால் மழைக்குப்பின் 18 போடலாம். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடிக் குழி, அதற்கு இந்த மெஷின் கிடையாது, ஜே.சி.பி.தான்.

ஆகர் கல்லிலோ வேரிலோ மாட்டும்போது கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது ஒரு சின்ன ஷியர் போல்ட். அது முறியத்தான் வேண்டும், அதற்காகத்தான் அதை மெலிதாக வைத்திருக்கிறார்கள். அடிக்கடி முறிகிறதே என்று எளிதில் முறியாத ஹைடென்சில் போல்ட் போட்டால் அடுத்து முறிவது பல்சக்கரம். அதே அளவில் ஒரு டஜன் வாங்கி டூல்பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பாரம் கூடினால் தானாக வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. சீமைக்கருவேல் இருந்த நிலமென்றால் வேர் ஆகரில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும், முதலில் தூரை எடுத்துவிடுங்கள். புது மெஷினில் கியர் ஆயில் ஊற்றாமலும் வரும், பிளக்கைத் திறந்து பாருங்கள்.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து, அரை அடி இறக்கி, தூக்கி மண்ணை உதறி, மறுபடி இறக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால், முக்கியமாகக் களிமண்ணில், ஆகர் திருகாணி மாதிரி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், லிஃப்டால் தூக்க முடியாது. அப்போது இன்ஜினை நிறுத்தி, பைப் ரிஞ்ச் போட்டு ஆகரைக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். காய்ந்த மண்ணுக்கு முதல் நாள் சாயந்திரம் இடத்துக்கு இடம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கன்று வைக்கும் குழியின் சுவர் களிமண்ணில் மெழுகிய மாதிரி ஆகிவிடும், வேர் அதைத் தாண்டாது, கடப்பாரையால் சுற்றிலும் கீறிவிடுங்கள்.

ஆகர் மண்ணில் இறங்கவில்லையென்று யாராவது ஒருவர் மெஷின்மேல் ஏறி நிற்பதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ தோளில் கிடக்கும் துண்டோ ஷாஃப்டில் பட்டால் "நிறுத்து" என்று கத்தி முடிப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். ஷாஃப்டின் பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றாதீர்கள், சுற்றும்போது பத்தடிக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.

நூறு குழிதான் வேலை என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஆண்டுதோறும் கன்று வைப்பவர்கள் வாங்கலாம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு, ஆனால் மெஷினை வாங்குவதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

போட்ட குழியில் அன்றே தூணையோ கன்றையோ வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பலகையும் கல்லும் வைத்து மூடுங்கள், மேயவரும் ஆடு கன்றுக்கு 9 இஞ்ச் குழி ஒன்று போதும் காலை ஒடிக்க.