ஒளிப்புழு பார்க்கப் போகிறீர்களா? டார்ச்சை அணையுங்கள்

நியூசிலாந்தின் வைட்டோமோ குகையில் படகேறி ஒளிப்புழுக்களைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அழகுதான். ஆனால் புழுக்கள் எட்டாத உயரத்தில் இருக்கும், படம் எடுக்கவும் விடமாட்டார்கள். அவை இரை பிடிக்கும் விதத்தைப் பார்க்க ஆசையென்றால், பக்கத்திலேயே உள்ள ருவாக்குரி காட்டுப் பாதைக்கு இரவில் போங்கள். கட்டணம் கிடையாது.

முதல்முறை நான் டார்ச் அடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு புழுகூடக் கண்ணில் படவில்லை. வெளிச்சம் பட்டால் அவை மங்கிவிடும். இப்போதெல்லாம் டார்ச் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் பேப்பரைக் கட்டிக்கொள்கிறேன். ஓடையோரத்து ஈரமான மண்கரை வந்ததும் அதையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நீலப்பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

மழை ஓய்ந்த, காற்றில்லாத இரவு நல்லது. காற்றடித்தால் புழு தொங்கவிடும் இழைகள் சிக்கிக்கொள்ளும். குகைக்குள் ஒரு முழம் வரைகூட இழை விடுகிற புழு, வெளியே சில சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

சரி, ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு பக்கவாட்டில் சிவப்பு ஒளியைக் காட்டுங்கள். பாசிமணி கோத்தது போல, பசைத்துளிகளோடு இழைகள் தொங்கும். மேலே வழவழப்பான குழாய்க்குள் புழு படுத்திருக்கும். இது மின்மினி போல வண்டினம் அல்ல. கொசு மாதிரியான ஒரு சிறு ஈயின் புழு. வால் நுனியிலுள்ள கழிவுக் குழாய்கள்தான் அதற்கு விளக்கு. நம் சிறுநீரகம் விளக்குப் போல ஒளிர்வதாக நினைத்துக்கொள்ளுங்களேன்!

ஓடையிலிருந்து கிளம்பும் பூச்சி வெளிச்சத்தை நோக்கிப் பறந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். உடனே புழு பாதி உடலை வெளியே நீட்டி, கிணற்றில் வாளி இழுப்பது போல இழையை வாயால் மேலே இழுக்கும். இழுக்க இழுக்க அந்த இழையையும் விழுங்கும். நான் பார்த்தபோது, பாதி தூரம் வந்த பூச்சி இன்னும் இறக்கையடித்துக்கொண்டிருந்தது. பசித்த புழு கூடுதலாக ஒளிரும். அண்டைப் புழு நெருங்கி வந்தால் அதையும் தின்றுவிடும். புள்ளிகள் இடைவெளி விட்டு இருப்பதற்குக் காரணம் நாகரிகம் இல்லை!

மாதக்கணக்கில் புழுவாக இப்படித் தின்றுகொள்வதுதான். ஈயாக மாறியபின் சாப்பாடே கிடையாது, ஆயுளும் சில நாள்தான்.

படமெடுக்க முக்காலியும் 30 விநாடி எக்ஸ்போஷரும் வேண்டும், ஃபிளாஷ் கூடாது. அப்புறம், கொசு மருந்தை அங்கே நின்று தெளிக்காதீர்கள், காரிலேயே பூசிக்கொண்டு இறங்குங்கள். அந்தப் பூச்சிகள்தான் அவற்றின் சாப்பாடு.