கொலையும் பார்க்கணும், தூக்கமும் வரணும்

எங்கள் தோட்டம் அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு முக்கால் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அடுத்த சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போக ஒரு சோளக்காட்டைத் தாண்ட வேண்டும். பகலில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி அரிசிம்பருப்புச் சோறோ, கொள்ளு ரசமோ ஆகி, பாத்திரம் கழுவி, ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரை டிவி எங்களுடையது. நான், வீட்டுக்காரர், எழுபத்தாறு வயதில் அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

அத்தைக்குக் கொலைக்கதை என்றால் உயிர். சீரியலில் மருமகள் அழ ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். பிணம் ஒன்று விழுந்தால் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டுக்காரருக்கும் கொலைக்கதைதான், ஆனால் அவருக்கு இருட்டு வேண்டும். மழை, ரத்தம், தூங்காத போலீஸ்காரன். அப்படி ஒன்றை ஒரு நாள் மூன்று பாகம் சேர்த்துப் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை என்னை எழுப்பி, "அம்மிணி, பொடக்காலிக் கதவு தாப்பாப் போட்டயா?" என்றார். கொல்லைப்புறக் கதவைத்தான் கேட்டார். போட்டிருந்தேன். மூன்று மணிக்கு மறுபடி கேட்டார். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் சிவகிரிப் பக்கம், தனியாக இருந்த வயதான தம்பதி. எங்களைப் போலக் காட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு அதெல்லாம் வெறும் செய்தி இல்லை. கொலைக்கதையே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அது அத்தைக்குத் தண்டனை. அதனால் எதைப் போடுவது என்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பல தடவை தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் பிணங்களை எண்ணுவதை விடுங்கள். அதில் ஒன்றும் தெரியாது. 'மர்டர், ஷி ரோட்' என்ற அமெரிக்கத் தொடர் 1984 முதல் 1996 வரை 264 பாகம் ஓடியது. ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் மர்மக்கதை எழுதிக்கொண்டே கொலைகளைக் கண்டுபிடிப்பார். அவர் குடியிருக்கும் கடலோரச் சின்ன ஊரில் விழுந்த பிணங்களைக் கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் ஒருத்தரும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே கடலை உரிக்கலாம். இன்னொரு பக்கம், 2007-இல் வந்த டென்மார்க் தொடர் ஒன்று, இங்கிலீஷில் 'தி கில்லிங்' என்பார்கள். முதல் சீசனில் ஒரே ஒரு பெண்ணின் கொலை, அதற்கு இருபது பாகம். அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் திணறுவதைப் பாகம் பாகமாகக் காட்டுவார்கள். ஒரே சாவுதான், நமக்கு நாலு நாள் சோறு இறங்காது.

ஆக, பார்க்க வேண்டியது இதைத்தான். கொலை நடந்த பிறகு கதை எங்கே போய் நிற்கிறது? எழவு வீட்டில் நின்றால் அது இருட்டுக்கதை. கேள்வி கேட்பவர் பின்னாலேயே நடந்தால் இலேசான கதை.

இதைத் தெரிந்துகொள்ள முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை. கம்பெனி வேனில் வரும்போது மொபைலில் முதல் பத்து நிமிடம் பார்த்துவிடுவேன். செத்தது யார் என்று கவனியுங்கள். ஊரையே ஏய்த்த பணக்காரன், எல்லாருக்கும் அவன்மேல் ஆத்திரம் என்றால் பயமில்லை. அவன் செத்ததே ஒரு விடுகதை. குழந்தை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் துப்பறிகிற ஆளைப் பாருங்கள். அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? குடித்துவிட்டுக் காரிலேயே தூங்குகிறவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், சுவரில் போட்டோ ஒட்டி அதையே விடிய விடியப் பார்ப்பவன் என்றால் ராத்திரிக்கு ஆகாது. கடைசியாக வெளிச்சம். டிவியின் பிரைட்னஸைக் கூட்டினால்தான் ஆள் தெரிகிறது என்றால் கதையும் அப்படித்தான் இருக்கும். 'டெத் இன் பாரடைஸ்' என்று பிபிசி 2011 முதல் எடுத்துக்கொண்டிருக்கும் தொடரை நிஜமான கரீபியன் தீவான குவாதலூப்பில் படம் பிடிக்கிறார்கள். பளிச்சென்று வெயில், நீலக் கடல், நடுவில் ஒரு பிணம். முடிவில் சந்தேகப்படுகிற எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து விளக்கம். அத்தைக்கு அந்தக் கடைசிக் கட்டம் பஞ்சாயத்து மாதிரி. "இப்பச் சொல்லுவான் பாரு" என்று காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார்.

வயது முத்திரையையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடிகாரர்கள் ஒவ்வொரு படத்துக்கும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். ஆரம்பத்தில் திரை ஓரத்தில் வரும். பக்கத்திலேயே வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணமும் இருக்கும். எண்ணைவிட அந்தக் காரணம்தான் எனக்கு உதவுகிறது. இருந்தாலும் 'வன்முறை' என்ற ஒரு சொல் தலையணையால் அமுக்கியதற்கும் வரும், கோடாலிக்கும் வரும். பத்து நிமிடம் பார்க்காமல் தீராது.

நான் ஏமாந்த இடம் சிரிப்பு. சிரிப்பு வந்தால் இலேசான கதை என்று நினைத்துவிட்டேன். 2018-இல் வந்த 'கோலமாவு கோகிலா'வில் அம்மாவின் புற்றுநோய் வைத்தியச் செலவுக்காக மகள் போதைப்பொருள் கடத்துகிறாள். 2021-இல் வந்த 'டாக்டர்' படத்தில் கடத்தப்பட்ட ஒரு சின்னப் பெண்ணைத் தேடிப் போகிறார்கள். இரண்டுமே நெல்சன் படங்கள். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் போட்டபோது அத்தையும் சிரித்தார். டிவியை அணைத்த பிறகு, "அந்தப் புள்ளயாட்டம் நெசமாலுமே புடிச்சுட்டுப் போறாங்களா அம்மிணி?" என்று கேட்டார். சிரிப்பு தீர்ந்ததும் அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. இருட்டுக்கு மேல் சர்க்கரை தூவிய வகை இது. பகலில் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் எதற்கு மார்க் அதிகம் என்றால், அன்றைக்கே முடிகிற கதைக்கு. இதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு வருடம் முன்னால் எங்கள் கிணற்று மோட்டாரின் செம்புக் கேபிளை எண்பது அடி வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் எழுதிக் கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது இன்னும் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. கேபிள் வரவில்லை. அத்தைக்குக் கேபிள் போனது அவ்வளவு பெரிதில்லை. "ஒருத்தனாச்சும் வந்து, ராத்திரி நாயி குலைச்சுதான்னு கேட்டானா?" என்று இன்றைக்கும் சொல்வார். நாய் அன்றைக்குக் குலைக்கவில்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று அத்தைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

அதனால்தான் அவருக்கு 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர் பிடித்துப்போனது. 1968-இல் ஒரு டிவி படமாக வந்து, 1971-இல் தொடரானது. போலீஸ்காரர் கொலம்போவாகப் பீட்டர் ஃபாக் நடித்திருப்பார். கசங்கிய மழைக்கோட்டு, ஓட்டைக் கார், வாய்க்கு வாய் பெண்டாட்டி பேச்சு, ஆனால் அந்த அம்மாவைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். கொலைகாரன் யார் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். பெரிய பங்களாக்காரனாக, கெட்டிக்காரனாக, கொலம்போவை மதிக்காதவனாக இருப்பான். கொலம்போ எல்லாம் கேட்டுவிட்டுக் கிளம்புவார், வாசல்வரை போய்த் திரும்பி, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்பார். அந்த ஒன்றில்தான் பிடி இருக்கும். நாய் குலைத்ததா என்று கேட்கிற ஆள்.

பாஷைப் பிரச்சினைக்கும் கொலம்போதான் வழி காட்டினார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணும் போதாது. தமிழ் டப்பிங் இருக்கிறதா என்று முதலில் ஆடியோ மெனுவில் பாருங்கள். இல்லையென்றால், கொலைகாரனை முன்னாடியே காட்டிவிடும் கதையாகத் தேர்ந்தெடுங்கள். யார் என்று தெரிந்துவிட்டதால் எல்லா வசனமும் புரிய வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தே தொடரலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து முக்கியமானதை மட்டும் சொல்வேன். ஒரு பாகம் ஒன்றேகால் மணி நேரம், சிலது ஒன்றரை. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்கு ஆள் பிடிபட்டுவிடும்.

யார் என்று மறைக்கிற கதை என்றால் பந்தயம் வையுங்கள். முக்கால்வாசி முடிந்ததும் ரிமோட்டில் நிறுத்தி, ஆளுக்குப் பத்து ரூபாய். இது விளையாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. பந்தயம் கட்டியவருக்குப் பயம் வராது, மூளை அந்தப் பக்கம் போய்விடும். வீட்டுக்காரர் எப்போதும் தோட்டக்காரனைச் சொல்லித் தோற்பார். அத்தையின் கணக்கு வேறு: கேட்காமலே காப்பி கொண்டுவந்து கொடுப்பவள்மேல் ஒரு கண் வைக்க வேண்டும். பாதிக்குப் பாதி ஜெயித்துவிடுகிறார்.

நீளமாக ஒரே ஆளோடு போக வேண்டும் என்றால் 'மங்க்' பார்க்கலாம், 2002 முதல் 2009 வரை எட்டு சீசன். கை குலுக்கினால் உடனே கையைத் துடைக்கிற ஆள். அடுத்தவர் வழக்கையெல்லாம் முடித்துவிடுவார், சொந்த மனைவியைக் கொன்றது யார் என்பது மட்டும் கடைசிவரை இழுக்கும். இலேசான கதைக்குள்ளும் இப்படி ஒரு முள் இருக்கலாம், தப்பில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வேறு ஏதாவது ஒன்று முடிந்துவிடுகிறதே.

நெட் இல்லாத ராத்திரிக்குப் பாக்கெட் நாவல். மாமனார் இருந்தவரை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ராஜேஷ்குமார் ஒன்று வாங்காமல் வர மாட்டாராம். அவர் கோயமுத்தூர்க்காரர் ஆயிற்றே, நம்ம ஊர் ஆள் என்று ஒரு பெருமை. இலேசாக வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத், சுசீலா. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்துக்காகவே பக்கம் புரட்டிய வயது எனக்கும் இருந்தது. அதைவிட இலேசு தேவனின் துப்பறியும் சாம்பு. அசட்டுத்தனமாக ஏதோ செய்ய, அதுவே துப்பாகிவிடும். சத்தமாக வாசித்துக் காட்ட ஏற்றது. அத்தை பாதியில் தூங்கிவிடுவார்.

வீட்டுக்காரரின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். சிவகிரிச் செய்தி வந்த அன்று அத்தை யார் செய்தது என்று கேட்கவில்லை. "அந்த ஊட்டுல மிச்சம் இருக்கறவிய இனி எப்படி இருப்பாங்க?" என்றார். இலேசான கதை ஒன்றுகூட இந்தக் கேள்விக்குள் போகாது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வீட்டை மறந்துவிடும். அதை நினைக்க வேண்டிய நாளில் இருட்டுக்கதை வேண்டும்தான். 2022-இல் வந்த தமிழ்த் தொடர் 'சுழல்' எட்டுப் பாகம். காணாமல் போன ஒரு பெண்ணில் ஆரம்பித்து ஊரையே உரித்துக் காட்டும். அதை நாங்கள் நாலு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், கோயமுத்தூரில் படிக்கும் மகள் வந்திருந்தபோது, இரண்டிரண்டாகப் பார்த்தோம். ஜன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் டீ போட்டு, திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். பேசாமல் எழுந்து போகாதீர்கள், அது உள்ளேயே தங்கிவிடும். மூன்றாவது பாகத்தைப் போடச் சொல்லிக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். இருட்டும்முன் எல்லாம் முடிந்து மாடு பிடித்துக் கட்டவும் நேரம் இருக்கும்.

மற்ற நாளில் வீட்டுக்காரர் தனியாக இருட்டுக்கதை பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி காப்பி கொடுத்தவள்தான் கொலைகாரி. அத்தை என்னிடமும் மகனிடமும் பத்துப் பத்து ரூபாய் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். படுக்கப் போகிற வழியில் பொடக்காலிக் கதவின் தாழ்ப்பாளை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் திரும்பி, "நாளைக்கு ரெண்டு கொல இருக்கறதாப் பாத்துப் போடு அம்மிணி, ஒண்ணு பத்தல" என்றார்.