தோட்டத்து வேலிக்கு ஊசிக்களா வேணாம், நம்ம களாவே போதும்

ஊட்டி போயிட்டு வர்றவங்க அங்க மஞ்சப் பூவோட நிக்குற ஊசிக்களாவப் பாத்துட்டு இத நம்ம வேலிக்கு வைக்கலாமான்னு கேக்குறாங்க, வேணாம்ங்க. அது நீலகிரி, கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டு ஓரத்துல குளுருலயும் பனிமூட்டத்துலயும் வளர்ற செடி, கட்டையக் கீறினா உள்ள மஞ்சளா இருக்கும், பெர்பெரின்ங்குற மஞ்ச நிறச் சத்துதான் காரணம். ஊட்டி 2,200 மீட்டர் உசரம், தர்மபுரி டவுன் 500 கூட தேறாது, நம்ம சித்திரை வெயிலுக்கு அது எங்க தாங்கும்!

பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் கரட்டுல தானா வளருதே களா, அத வைங்க. வருஷம் பூரா பச்சையா இருக்கும், முள்ளுக்கு பயந்து ஆடு மாடு நுழையாது, காய் ஊறுகாய்க்கு ஆச்சு. நல்லா கறுத்த பழத்துல விதைய எடுத்து அலசி நிழல்ல ஆறவச்சு உடனே மண்ணு நெரப்புன நாத்து பாக்கெட்ல ஊன்றணும், டப்பாவுல போட்டு வச்சீங்கன்னா முளைப்பு போயிடும். கன்னு தேறினதும் மழை ஆரம்பத்துல 3 அடிக்கு ஒண்ணா நட்டு அப்பப்போ நுனியக் கிள்ளி விடுங்க, பக்கக்கிளை அடர்த்தியா வரும். கிள்ளுறப்போ பால் வடியும், பிசுபிசுன்னு ஒட்டும், கண்ணுல பட்றாம பாத்துக்கோங்க.