தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டிய சைகைகள்

வேலை நிமித்தமாக டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வரும் தமிழர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் சிக்கலாக இருப்பதில்லை; வாய் திறக்காமல் நாம் சொல்லிவிடுபவைதாம் குழப்பத்தை உண்டாக்குகின்றன. முதலில் தலையாட்டல். சம்மதம் என்று நாம் பக்கவாட்டில் அசைப்பதை இங்குள்ளவர்கள் தயக்கமாகவோ மறுப்பாகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர்கள். ஆகவே தமிழர்தானே என்று அவர்களிடமும் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளாமல் வாயால் 'யெஸ்' சொல்லிவிடுங்கள்.

இங்குள்ள பெரிய கறுப்பினக் குழுவான ஜூலு மக்களின் மரபில் மூத்தவரையோ மேலதிகாரியையோ நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. எனவே உங்களுக்குக் கீழே பணிபுரியும் இளைஞர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பேசினால், எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் வீடுகளிலும் பெரியவர்கள் முன் இப்படித்தானே நின்றோம். ஆனால் உட்காருவதில் நிலைமை நேர்மாறானது. சொல்லும்வரை நிற்பது நமக்குப் பணிவு. அவர்களுக்கோ பெரியவரைவிட உயர்ந்து நிற்காமல் உள்ளே வந்ததும் அமர்ந்துவிடுவதே பணிவு. நேர்காணலுக்கு வந்தவர் கேட்காமலே நாற்காலியில் அமர்வதைத் திமிர் என்று நினைத்து மதிப்பெண் குறைப்பது பெரிய அநியாயம். அதே அலுவலகத்தில் ஆஃப்ரிகானர் (பெரும்பாலும் டச்சு வழிவந்த வெள்ளையர்) மேலாளர் உங்கள் கண்ணைப் பார்த்து அழுத்தமாகக் கைகுலுக்குவார். அவரிடம் பார்வையைத் தாழ்த்தினால் நம்பிக்கையற்றவர் என்று தோன்றும்.

கறுப்பின நண்பர்கள் பலர் உள்ளங்கை, கட்டைவிரல், மீண்டும் உள்ளங்கை என மூன்று பிடியாகக் கைகுலுக்குவார்கள். பிடித்த கையை உடனே விடாமல் பேசினால் அது நட்பே. பொருளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு கைகளையும் நீட்டுங்கள். அல்லது வலக்கையை இடக்கையால் முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து பயணிக்கும் வேனான மினிபஸ் டாக்ஸியை நிறுத்துவதற்கும் விரல்மொழி உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் சுட்டுவிரலை மேலே காட்டினால் நகர மையம், கீழே காட்டினால் அருகிலுள்ள இடம். இச்சைகைகள் 2010இல் அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் மாறுவதால், உங்கள் தடத்துக்கு உரியதை உடன் பணிபுரிபவரிடம் கேட்டறியுங்கள்.

நெடுஞ்சாலையில் வழிவிட்டவருக்கு, முந்திச் சென்றவர் ஹசார்டு விளக்குகளை (இருபுறமும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை விளக்குகளை) ஓரிரு முறை மின்னவிட்டு நன்றி சொல்வார். வழிவிட்டவர் முகப்பு விளக்கைச் சிமிட்டி அதை ஏற்றுக்கொள்வார். நம் ஊரில் அந்தச் சிமிட்டலுக்கு 'ஒதுங்கு' என்று பொருளாதலால், பதறி ஓரங்கட்ட வேண்டாம்.